லோடுமேன் கொடுத்த ரத்தம்

எனக்கு ரத்தம் ஏற்ற வேண்டும் என்று டாக்டர் சொன்னபோது, "நான் தர்றேன்" என்று முதலில் வந்து நின்றவர் சொந்தக்காரர் யாரும் இல்லை. எங்கள் மளிகைக் கடைக்கு அரிசி மூட்டை இறக்க வரும் லோடுமேன்தான்.

தொண்ணூறுகளின் கடைசி வருஷங்கள் அவை. தூத்துக்குடிப் பக்கத்திலிருந்து கல்யாணமாகித் திருவொற்றியூருக்கு வந்தவள் நான். தேரடிக்கு அருகே ஒரு சந்தில் கீழே கடை, மேலே வீடு. மகள் பள்ளிக்கூடம் போக ஆரம்பித்த வருஷம் இரண்டாவது பிள்ளை உண்டாகி, வயிற்றிலேயே இறந்துபோனது. அப்போது ஏறிய ரத்தக் கொதிப்பு பிறகு இறங்கவே இல்லை. கால் வீங்கியது. காலையில் எழுந்தால் கண்ணைத் திறக்க முடியாதபடி முகம் வீங்கியிருக்கும். பக்கத்து உரத் தொழிற்சாலையிலிருந்து காற்றில் வரும் அம்மோனியா நெடிதான் ஒத்துக்கொள்ளவில்லை என்று நாங்களாக ஒரு காரணம் சொல்லிக்கொண்டு சில மாதங்களைக் கடத்தினோம். கடைசியில் ஸ்கேன் பார்த்த டாக்டர், இரண்டு சிறுநீரகமும் சுருங்கிவிட்டன என்றார்.

ராயபுரம் பக்கம் ஒரு சின்னத் தனியார் மருத்துவமனையின் மாடியில் வாரத்துக்கு இரண்டு நாள் டயாலிசிஸ். அதற்காக இடது கையில் இரண்டு ரத்தக் குழாய்களைச் சேர்த்துத் தைத்திருந்தார்கள். அந்த இடத்தில் விரலை வைத்தால் உள்ளே மோட்டார் ஓடுவது போல அதிரும். என் மகள் தூங்கும்போது அந்தக் கையில் காதை வைத்துத்தான் படுப்பாள். "அம்மா, உன் கைக்குள்ள பூனை கத்துது" என்பாள்.

சிறுநீரகம் போனால் உடம்பு ரத்தம் ஊறுவதையும் நிறுத்திவிடும் என்பது எனக்கு அதற்குப் பிறகுதான் தெரியும். படி ஏறினால் மூச்சு வாங்கியது. நகம் வெள்ளைத்தாள் போல வெளுத்திருந்தது. ரத்தம் ஊற ஓர் ஊசி உண்டு. அது எங்களுக்கு எட்டாத விலை. அதனால் அவ்வப்போது ஒரு பை ரத்தம் ஏற்ற வேண்டும், அதற்கு நம் பக்கத்திலிருந்து ஓர் ஆள் போய் ரத்த வங்கியில் கொடுக்க வேண்டும்.

என் கணவருக்கு மூன்று தம்பிகள், எல்லோரும் வடசென்னையிலேயே கடை வைத்திருந்தார்கள். அன்றைக்கென்று பார்த்து ஒருவருக்குச் சளி, ஒருவருக்கு வயிற்றுப்போக்கு, ஒருவர் சரக்கெடுக்க ஊருக்குப் போயிருந்தார். என் கணவருக்கோ ஊசியைக் கண்டாலே முகம் வேர்த்துவிடும். "கடைய யாரு பாக்கது?" என்று கேட்டார்.

அன்று செங்குன்றத்திலிருந்து அரிசி லாரி வந்திருந்தது. லோடுமேன் அண்ணனுக்கு என்னைவிட நாலைந்து வயது கூட இருக்கலாம். வியாசர்பாடியில் ஹவுசிங் போர்டு குடியிருப்பிலிருந்து சைக்கிளில் வருவார். எங்கள் கடைக்கு மட்டுமல்ல, அந்தக் கடைவீதியில் பாதிக் கடைகளுக்கு அவர்தான் மூட்டை இறக்குவார். தலையில் துண்டைச் சும்மாடாகச் சுற்றிக்கொண்டு, ஏதாவது பேசிக்கொண்டே வேலை செய்வார். கல்லாவில் நாங்கள் பேசிக்கொண்டிருந்தது அவர் காதில் விழுந்திருக்கிறது.

"இன்னா அண்ணாச்சி, ரத்தம்தானே? இதுக்குப் போயி இவ்ளோ பேஜாராவுற? நா குட்க்கிறேன்."

"உனக்கு எதுக்குப்பா வீண் சிரமம்" என்றார் கணவர்.

"சிரமம் இன்னா கீது? மூட்ட தூக்குற ஒடம்பு. கெட்டி ரத்தம்." என்னைப் பார்த்து, "யக்கா, நீ கவலப்படாத. மூஞ்சி எப்டி வெளிறிப் போயிகீது பாரு" என்றார்.

அன்றே போய்க் கொடுத்துவிட்டு, அடுத்த நாள் நான் டயாலிசிஸில் படுத்திருந்தபோது மாடிக்கும் வந்துவிட்டார். மெஷின்களைப் பார்த்துக் கொஞ்சம் மிரண்டு வாசலிலேயே நின்றார். என் தலைக்கு மேலே ரத்தப் பை தொங்கிக்கொண்டிருந்தது. "சிஸ்டரு, அது என்துதானே?" என்று கேட்டார். நாலு பேரின் மெஷின்களுக்கு நடுவே ஓடிக்கொண்டிருந்த சிஸ்டர், "ஆமா ஆமா, உங்களுதுதான், உள்ள வராதீங்க" என்றாள்.

அவர் அந்தப் பையையே பார்த்துக்கொண்டு நின்றார். முகத்தில் அப்படி ஒரு சந்தோஷம். "ஏறுதுக்கா" என்றார். "சொட்டு சொட்டா எறங்குது பாரு."

அதற்குப் பிறகு, கொடுக்கலாம் என்று ரத்த வங்கியில் அனுமதிக்கும் போதெல்லாம் அவரே வந்து கொடுத்தார். அவர் கொடுக்க முடியாத மாதங்களில் கூட வேலை செய்யும் ஆட்களை அழைத்து வருவார். கடைவீதியில் யாராவது என்னைப் பற்றி விசாரித்தால், "அக்கா ஒடம்புல நம்ம ரத்தம்தான் ஓடுது, அதான் தெம்பா நடக்குது" என்பாராம். என் கணவருக்கு அது பிடிக்கவில்லை. "ஊரெல்லாம் சொல்லிக்கிட்டுத் திரியுதான்" என்று ஒருநாள் முணுமுணுத்தார். எனக்கு அதில் ஒன்றும் குறைவாகத் தெரியவில்லை. தீபாவளிக்கு அவர் குடும்பத்துக்குத் துணி எடுத்தபோது கூடப்பிறந்தவருக்கு எடுப்பது போலவே எடுத்தேன்.

இப்படி இரண்டு வருஷம் போயிருக்கும். ஒருநாள் ஊசி குத்துவதற்கு முன்னால் சிஸ்டர் என்னை வழக்கமான கட்டிலில் படுக்க விடவில்லை. "நீங்க இனிமே அந்த மூலை மெஷினுக்கு" என்றாள். ஏன் என்று கேட்டதற்கு, "டாக்டர் சொல்வார்" என்றாள். டாக்டர் வந்து, மாதாமாதம் எடுக்கும் ரத்தத்தில் இந்த முறை ஒரு கிருமி தெரிந்திருப்பதாகச் சொன்னார். கல்லீரலைத் தாக்கும் கிருமி. மஞ்சள் காமாலையில் சி வகை. ரத்தத்தோடு ரத்தம் கலந்தால்தான் வரும். இப்போதைக்கு ஒன்றும் செய்யாது, ஆனால் வருஷக்கணக்கில் உள்ளே இருந்து கல்லீரலைக் கெடுக்கலாம், பிற்பாடு மாற்றுச் சிறுநீரகம் வைப்பதற்கும் இடைஞ்சலாகும் என்றார். எப்படி வந்தது என்று கேட்டேன். "எத்தனையோ வழி இருக்கும்மா" என்று சொல்லிவிட்டு அடுத்த கட்டிலுக்குப் போனார்.

அன்று முழுக்க மூலையில் சுவரைப் பார்த்துக்கொண்டு படுத்திருந்தேன். அதுவரை டயாலிசிஸ் நேரம் பேச்சிலும் சிரிப்பிலும் கழியும். பக்கத்துக் கட்டிலில் ரயில்வேயில் வேலை பார்த்து ஓய்வு பெற்ற ஒரு பெரியவர், எதிர்க் கட்டிலில், காலேஜ் படிக்கும் மகள் இருக்கிற ஓர் அம்மா. அன்று அவர்கள் என்னை எட்டிப் பார்த்துவிட்டுத் தமக்குள் மெல்லப் பேசிக்கொண்டார்கள். அந்த அம்மா வழக்கமாக எனக்கும் சேர்த்துக் கொண்டு வரும் பொரியை அன்று தரவில்லை.

வீட்டில் சொன்னேன். கணவர் கீழே கடைக்குப் போய்விட்டார். சாயங்காலம் கடையிலிருந்து மேலே வந்தபோது கையில் புதுத் தட்டும் டம்ளரும் இருந்தன. "உனக்குத் தனியா இருக்கட்டும். பிள்ள இருக்குல்லா" என்றார். தட்டு டம்ளரில் ஒட்டாது என்று டாக்டர் தெளிவாகச் சொல்லியிருந்தார். அதைச் சொன்னேன். "அவங்க ஆயிரம் சொல்லுவாங்க" என்றார். அன்றிலிருந்து மகள் என் கையில் காதை வைத்துப் படுப்பதும் நின்றது. நான்தான் அவளை வேண்டாம் என்று தள்ளிப் படுக்க வைத்தேனா, அவர் சொல்லிக்கொடுத்தாரா என்று இப்போது சரியாக நினைவில்லை.

அடுத்த வாரம் அரிசி லாரி வந்தபோது மூட்டை இறக்கியது வேறு ஆள். மாடி ஜன்னலிலிருந்து பார்த்துவிட்டு, கணவர் சாப்பிட மேலே வந்ததும், "லோடுமேன் அண்ணன் எங்க?" என்று கேட்டேன்.

பொருட்டே இல்லாத ஒரு விஷயத்தைச் சொல்வது போலச் சொன்னார். "இனிமே வரவேண்டாம்னு சொல்லிட்டேன்."

"ஏன்?"

"ஏன்னு கேக்கியே! அவன் ரத்தத்துல இருந்துதான உனக்கு வந்திருக்கு? வேற எங்கேயிருந்து வரும்? குடி, கூத்துன்னு எங்கெங்க போயிட்டு வந்தானோ."

"அவர் குடிக்கவே மாட்டாரே. நீங்க பாத்தீங்களா?"

"நீ சும்மா கெட. உனக்கு ஒண்ணும் தெரியாது."

நான் டயாலிசிஸில் இருந்த நேரத்தில்தான் எல்லாம் நடந்திருக்கிறது. சத்தம் போட்டு, கடைக்கு வந்தவர்கள் காதில் விழும்படியே பேசியிருக்கிறார். கீழே எங்கள் கடைக்குப் பக்கத்தில் தையல் கடை வைத்திருந்த அம்மா பிறகு எனக்கு எல்லாவற்றையும் சொன்னாள். அந்த அண்ணன் தலையிலிருந்த மூட்டையை இறக்கி வைத்துவிட்டு, "இன்னா அண்ணாச்சி இப்டி சொல்ற? நா இன்னா பண்ணேன்?" என்று மட்டும் கேட்டாராம். "நோயக் கொண்டாந்து வச்சிட்டு என்ன பண்ணேன்னா கேக்க?" என்றாராம் இவர். சும்மாட்டுத் துணியைக்கூட எடுக்காமல் சைக்கிளில் ஏறிப் போய்விட்டார் என்றாள்.

அந்தப் பேச்சு கடைவீதியில் ஒரே நாளில் பரவியது. சி வகைக் காமாலை என்பதெல்லாம் யார் வாயிலும் நிற்கவில்லை. 'அந்த நோய்' என்றார்கள். அதற்கு என்ன அர்த்தம் என்று அந்தக் காலத்தில் எல்லோருக்கும் தெரியும். மற்ற கடைக்காரர்களும் அவரைக் கூப்பிடுவதை நிறுத்தினார்கள். அவரோடு ரத்தம் கொடுக்க வந்த ஆட்களும் எங்கள் சந்துப் பக்கம் தலைகாட்டவில்லை.

எனக்கு மனசு கொதித்தது. ஆனால் என்ன சொல்லி வாதாடுவது? அவர் ரத்தத்தில் கிருமி இருந்ததா இல்லையா என்று எனக்கே தெரியாது. ரத்த வங்கியில் எய்ட்ஸுக்குப் பார்ப்பார்கள், காமாலையில் பி வகைக்குப் பார்ப்பார்கள். அந்த நாட்களில் சி வகைக்குப் பார்ப்பது இன்னும் கட்டாயமாகியிருக்கவில்லை.

அடுத்த முறை டயாலிசிஸுக்குப் போனபோது என் மூலையில் இன்னும் இரண்டு கட்டில்கள் போட்டிருந்தார்கள். ரயில்வேப் பெரியவர் ஒன்றில் படுத்திருந்தார். மற்றொன்றில் பொரி கொண்டுவரும் அம்மா, முகத்தை மூடிக்கொண்டு அழுதுகொண்டிருந்தாள். அவர்களுக்கும் அதே கிருமி.

பெரியவருக்கு ரத்தம் கொடுத்தது அவருடைய மகன்கள். அந்த அம்மாவுக்கு அந்த ஒரு வருஷமாக ரத்தமே ஏற்றவில்லை. படுத்தபடியே இதை யோசித்துக்கொண்டிருந்தேன். அந்த அறையில் நான் கண்ணால் பார்த்தவையெல்லாம் ஒவ்வொன்றாக நினைவுக்கு வந்தன. ஒருவருக்கு ஊசி பிடுங்கிப் பஞ்சு வைத்து அழுத்திய அதே கையுறையோடு அடுத்தவரின் குழாயைத் தொடுவார்கள். ரத்தம் உறையாமல் இருக்க எல்லோருக்கும் ஒரே மருந்துக் குப்பியிலிருந்து எடுப்பார்கள். ரத்தத்தைச் சுத்தம் செய்யும் வடிகட்டிக் குழாய்களைக் கழுவி மறுபடியும் போடுவார்கள். யாருடையது என்று பெயர் எழுதி ஒட்டிய சீட்டு சில நாள் நனைந்து அழிந்திருக்கும். ஆட்கள் குறைவு, நோயாளிகள் அதிகம். நாங்களும் சீக்கிரம் முடித்து அனுப்பினால் போதும் என்றுதான் நச்சரிப்போம்.

சிஸ்டர் என்னிடம் வந்தபோது, கையைப் பிடித்துக்கொண்டு கேட்டேன். "எனக்கு உண்மையைச் சொல்லு. இது இங்கேயிருந்து வந்ததுதானே?"

அவள் திரையை இழுத்து விட்டாள். நாகர்கோவில் பக்கத்துப் பெண், என்னைவிட நிறையச் சின்னவள். "அக்கா, நான் அப்படிச் சொன்னேன்னு தெரிஞ்சா என் வேலை போயிரும்" என்றாள். அவள் கண் கலங்கியிருந்தது. "மூணு பேருக்கும் ஒரே மாசத்துல வந்திருக்கு. நீங்களே புரிஞ்சுக்கங்க."

"எனக்கு ரத்தம் கொடுத்தாரே, அவரால வந்ததுன்னு சொல்லி எங்க வீட்டுல அவரை விரட்டிட்டாங்க."

அவள் திகைத்துப் பார்த்தாள். "அவர் ரத்தம் உங்களுக்கு ஏறிச்சுன்னு யார் சொன்னா?"

"நீதானே சொன்ன. அன்னைக்குக் கேட்டாரே, ஆமான்னு சொன்னியே."

"அது சும்மா... அவர் ஆசையாக் கேட்டாரேன்னு சொன்னேன்க்கா. உங்க குரூப்பு பி பாசிட்டிவ். அவர் ஓ பாசிட்டிவ். அவர் கொடுக்கிறது வங்கியில சேரும். அதுக்குப் பதிலா உங்க குரூப்புல வேற யாரோ கொடுத்த பை வரும். எல்லாருக்கும் அப்படித்தான்."

இரண்டு வருஷமாக எங்கள் யாருக்கும் இது தெரியாது. கேட்க வேண்டும் என்றுகூடத் தோன்றவில்லை. அவர் கொடுத்த ரத்தம் யார் யார் உடம்பிலோ ஏறியிருக்கிறது. எனக்குள் ஓடியது முகம் தெரியாத எவர் எவருடைய ரத்தமோ.

அன்று டயாலிசிஸ் முடிந்ததும் நான் வீட்டுக்குப் போகவில்லை. ஆட்டோக்காரரிடம் வியாசர்பாடிக்கு விடச் சொன்னேன். தலை சுற்றிக்கொண்டுதான் இருந்தது. குடியிருப்பில் விசாரித்து இரண்டாம் மாடிக்கு ஏறினேன். ஒவ்வொரு தளத்திலும் உட்கார்ந்து உட்கார்ந்துதான் ஏற முடிந்தது.

கதவைத் திறந்தது அவருடைய மனைவி. தீபாவளிக்கு நான் எடுத்துக் கொடுத்த சேலையைத்தான் கட்டியிருந்தாள். என்னைக் கண்டதும் முகம் இறுகியது. ஆனாலும் "வாங்க" என்று நாற்காலியை இழுத்துப் போட்டாள். ஒற்றை அறை. சுவரில் புத்தர் படமும், நீலக் கோட்டுப் போட்ட தலைவரின் படமும். தரையில் பாயில் படுத்திருந்த அண்ணன் எழுந்து உட்கார்ந்தார். இளைத்துப் போயிருந்தார்.

"இன்னாக்கா, நீ ஏன் இந்த ஒடம்ப வச்சிகினு இவ்ளோ தூரம்? யாராவது கையில சொல்லி அனுப்புனா நா வந்துருப்பேனே" என்றார். அந்தக் குரலில் கோபமே இல்லாததுதான் எனக்குத் தாங்கவில்லை.

அவர் மனைவி டீ போட்டுக் கொண்டுவந்து என் முன்னால் வைத்தாள். எனக்கு நாளொன்றுக்கு இவ்வளவு தண்ணீர் என்று அளவு உண்டு. அன்றைய அளவு முடிந்திருந்தது. "வேண்டாம்மா" என்றேன்.

அவள் சட்டென்று டம்ளரைத் திரும்ப எடுத்தாள். "தெரியும். நீங்க குடிக்க மாட்டீங்க. எங்க வூட்டுத் தண்ணி ஆவாது. ரத்தம் மட்டும் ஆவும்."

"ஏ, கம்முனு இரு" என்றார் அவர்.

"நா ஏன் கம்முனு இருக்கணும்? ஊரு பூரா இன்னா பேசுதுன்னு தெரியுமா உனக்கு? கொழா அடில என் கொடத்துக்குப் பின்னால யாரும் கொடம் வைக்க மாட்டேன்றாளுங்க. எம் புள்ளைங்களக் கூட வெளாட சேக்க மாட்டேன்றாங்க. இந்த மனுசன் எனக்கும் ஒட்டிக்குமோன்னு பயந்துகினு தனியா பாய் போட்டுப் படுக்குது. இன்னா பாவம் பண்ணுச்சு இது? போயி ரத்தம் குடுத்தது ஒரு பாவமா?"

நான் எழுந்து அவள் கையிலிருந்த டம்ளரை வாங்கி டீயைக் குடித்தேன். சூடு வாயைச் சுட்டது. "எனக்குத் தண்ணி அளவு, அதனாலதான் வேண்டாம்னேன். தீட்டுப் பார்த்து இல்ல" என்றேன். "நோய் இருக்கிறது எனக்கு. அண்ணனுக்கு இல்ல. எங்க வீட்டுல எனக்கே தனி டம்ளர்தான்."

அவள் கதவோரம் உட்கார்ந்து முந்தானையால் முகத்தை மூடிக்கொண்டாள்.

நான் அவரிடம் எல்லாவற்றையும் சொன்னேன். மூன்று பேருக்கு ஒரே மாதத்தில் வந்ததை, அந்த அறையில் நடப்பதை, கடைசியாகப் பை மாறும் விஷயத்தை. அதைச் சொன்னால்தான் அவர் மேல் விழுந்த பழி முழுக்க விலகும் என்று நினைத்தேன். "உங்க ரத்தம் எனக்கு ஏறவே இல்லண்ணே. உங்களால எனக்கு எதுவும் வந்திருக்கவே முடியாது."

அவர் முகம் தெளியும் என்று எதிர்பார்த்தேன். அவர் என்னையே பார்த்தார்.

"ஏறவே இல்லியா?"

"இல்லண்ணே. குரூப்பு வேற."

"ஒரு தபா கூடவா?"

"இல்ல."

"நா பாத்தேனேக்கா. சொட்டு சொட்டா எறங்குச்சே."

நீங்கள் கொடுத்தது வேறு யாரையோ காப்பாற்றியிருக்கும், உங்கள் பெயரால்தான் எனக்குப் பை வந்தது என்று என்னென்னவோ சொன்னேன். "அது சரி, அது சரி" என்று தலையாட்டினார். பழி சொன்னபோதுகூட அவர் இவ்வளவு உடைந்திருக்க மாட்டார் என்று எனக்குத் தோன்றியது. சொல்லாமல் இருந்திருக்கலாமோ என்று இன்றைக்கும் சில நாள் யோசிப்பதுண்டு. ஆனால் சொல்லாமல் எப்படி அவரைச் சுத்தம் என்று ஊர் முன்னால் நிறுத்துவது?

ஊர் வாயை அடைக்கப் பரிசோதனை செய்துவிடலாம் என்றேன். அவர் மனைவி பயந்தாள். "இருந்துச்சுன்னா இன்னா பண்றது?" என்றாள். அவர்தான், "பாத்துடலாம். எனக்கும் தெரியணும்ல" என்றார். ஒரு லேபில் ரத்தம் கொடுத்துவிட்டு வந்தோம். எய்ட்ஸ், பி, சி என்று எதுவும் இல்லை என்று முடிவு வந்தது. அதைக் கேட்டதும் அவர் மனைவி லேபின் வாசலிலேயே உட்கார்ந்து ஓவென்று அழுதாள்.

கணவரிடம் சொன்னபோது, "சரி, இல்லன்னா நல்லதுதான்" என்றார். அவ்வளவுதான். கடைவீதியில் போய்ச் சொல்லுங்கள் என்றேன். "நானா போய் எல்லாருகிட்டயும் சொல்லணும்? தன்னால சரியாயிரும்" என்றார்.

அதற்குள் எனக்கு மறுபடி ரத்தம் குறைந்தது. இந்த முறை கொடுக்க ஆளே இல்லை. தம்பிகள் வீட்டில் யாரும் போனை எடுக்கவில்லை. "நீங்க வாங்க" என்றேன் கணவரிடம். அவருக்கு வேறு வழி இல்லை. முகம் வேர்க்க வேர்க்கப் போய்க் கொடுத்துவிட்டு வந்தார். வந்து, ஏதோ பெரிய காரியம் செய்தவர் போல இளநீர் வாங்கிக் குடித்தார். எனக்கும் அன்று அவர் மேல் ஒரு பிரியம் வந்தது என்பதை மறைக்க மாட்டேன்.

சில நாள் கழித்து ரத்த வங்கியிலிருந்து அவரை வரச் சொல்லிக் கடைக்குப் போன் வந்தது. போனவர் மத்தியானம் திரும்பினார். கடையைத் திறக்காமல் நேரே மாடிக்கு வந்து, கதவைத் தாழ்போட்டுவிட்டுத் தரையில் உட்கார்ந்தார். அவர் ரத்தத்தில் காமாலைக் கிருமி இருந்ததாம். பி வகை. எனக்கு வந்தது சி, அவருக்கு இருந்தது பி. ஒன்றிலிருந்து மற்றொன்று வராது. அவருக்கு எப்போது வந்தது, எப்படி வந்தது என்று யாராலும் சொல்ல முடியவில்லை. பிறந்தபோதே தாயிடமிருந்து வந்திருக்கலாம். ஊரில் சின்ன வயதில் கொதிக்க வைத்த ஊசியை எல்லோருக்கும் போடுவார்களே, அதில் வந்திருக்கலாம். இத்தனை வருஷமும் ஒரு தொந்தரவும் இல்லாமல் உள்ளே இருந்திருக்கிறது.

"நான் எங்கேயும் தப்பா போனதில்லட்டி. உன் மேல சத்தியமா" என்றார். நான் ஒன்றும் கேட்கவே இல்லை.

"தெரியும்" என்றேன்.

"பிள்ளைக்கு?"

"பார்க்கணும்."

"வெளியே யாருக்கும் தெரியக் கூடாது. தம்பிமாருக்குக் கூட. கடையை மூடிட்டு ஊருக்குத்தான் போகணும் பெறவு." அன்று சாயங்காலம் அவர் எனக்கென்று வாங்கிய டம்ளரை எடுத்துத் தண்ணீர் குடிப்பதைப் பார்த்தேன். எனக்குப் பழி தீர்ந்த திருப்தி வரவில்லை. இந்த வீட்டில் இனி எத்தனை டம்ளர் வாங்குவது என்றுதான் அலுப்பாக இருந்தது.

"நான் யார்கிட்டயும் சொல்ல மாட்டேன்" என்றேன். "ஆனா அந்த அண்ணனைப் பத்தி நீங்க சொன்னதை நீங்களே போய் மாத்திச் சொல்லணும். கடை கடையா. நானும் கூட வாரேன்."

போனோம். ஒரு காலை நேரம், வியாபாரம் சூடு பிடிப்பதற்கு முன்னால். ஒவ்வொரு கடை முன்னாலும் நின்று, "அந்த லோடுமேனுக்கு ஒண்ணும் கிடையாது. டெஸ்ட் எடுத்தாச்சு. நான்தான் தெரியாமச் சொல்லிட்டேன்" என்றார். சிலர், "அப்பவே நெனச்சேன் அண்ணாச்சி" என்றார்கள். சிலர் "அதனால என்ன" என்று சிரித்தார்கள்; மறுபடி அவரைக் கூப்பிட மாட்டார்கள் என்பது அந்தச் சிரிப்பிலேயே தெரிந்தது. வியாசர்பாடிக்கும் கணவர் தனியாகப் போய் வந்தார். அங்கே என்ன பேசினார்கள் என்று அவர் சொல்லவில்லை. அந்த அண்ணன் எங்கள் கடைக்குத் திரும்ப வரவில்லை. எண்ணூரில் புதுத் துறைமுகத்தில் ஏதோ ஒப்பந்தக்காரரிடம் வேலைக்குச் சேர்ந்துவிட்டதாகக் கேள்விப்பட்டேன்.

மகளுக்குப் பரிசோதனையில் ஒன்றும் இல்லை. தடுப்பூசி போட்டோம். டயாலிசிஸ் ஆரம்பித்த புதிதில் எனக்கு அந்த ஊசி போட்டிருந்ததால் கணவரின் கிருமி எனக்கு ஒட்டவில்லை. அவருடையது இன்றுவரை அப்படியே இருக்கிறது; மருந்து தேவைப்படவில்லை, அவ்வப்போது போய்ப் பார்த்துக்கொண்டு வருகிறார். தம்பிகளுக்கு இன்னும் தெரியாது. இதில் அவர் பெயரும் கடையின் பெயரும் இல்லாததால்தான் நான் எழுத அவர் ஒப்புக்கொண்டார்.

நான் வேறு ஆஸ்பத்திரிக்கு மாறினேன். கல்லீரல் கிருமிக்கு மாதக்கணக்கில் ஊசி போட்டுக்கொண்டேன். ஒவ்வோர் ஊசிக்கும் குளிர்க்காய்ச்சல் வரும், முடி கொத்துக் கொத்தாக உதிர்ந்தது, காரணமில்லாமல் அழுகை வரும். எனக்குக் கிருமி போயிற்று. ரயில்வேப் பெரியவருக்கு அந்த ஊசியைத் தாங்கும் உடம்பில்லை. அவர் அடுத்த மழைக்காலத்தைப் பார்க்கவில்லை. பொரி அம்மா என்ன ஆனாள் என்று தெரியாது. என் அக்கா சிறுநீரகம் கொடுத்தாள். அறுவை சிகிச்சைக்கு ரத்தம் தேவைப்பட்டபோது, வியாசர்பாடிக்குப் போய்க் கேட்கலாமா என்று கணவரே கேட்டார். வேண்டாம் என்றேன். அக்கா வீட்டுக்காரரின் ஊரிலிருந்து ஆட்கள் வேனில் வந்து கொடுத்தார்கள்.

அதற்கும் சில வருஷம் கழித்து மூலக்கடை பஸ் நிறுத்தத்தில் அவருடைய மனைவியைப் பார்த்தேன். அவள்தான் முதலில் அடையாளம் கண்டு, "யக்கா, நல்லா கீறியா?" என்று ஓடிவந்தாள். என் கையைப் பிடித்துத் தடவிப் பார்த்தாள். மூத்தவன் ஐ.டி.ஐ. படிப்பதாகச் சொன்னாள். அண்ணன் எப்படி இருக்கிறார் என்று கேட்டேன்.

"அது இருக்குதுக்கா. வேலக்கிப் போவுது, வருது." கொஞ்சம் தயங்கினாள். "போன மாசம் எங்க பில்டிங் பையன் ஒர்த்தன் கண்டெய்னர் லாரில அடிபட்டுட்டான். ரத்தம் வேணும்னு எல்லாரும் ஓடியாந்து இத்தத்தான் கேட்டாங்க. முன்னாடில்லாம் கேக்காமயே போற ஆளாச்சே. சட்டயெல்லாம் மாட்டிகினு கதவாண்ட வரிக்கும் போச்சு. அப்பறம் வந்து உக்காந்துகிச்சு. நீங்க போங்கப்பா, எனக்கு முடிலன்னு சொல்லிடுச்சு."

"அந்தப் பையன்?"

"பொயச்சுகினான். வேற யாரோ குடுத்தாங்க."

அவளுடைய பஸ் வந்தது. வீட்டுக்கு வரச் சொல்லிவிட்டு ஏறிப் போனாள். என் பஸ் வந்து நின்று கிளம்பியதைக் கவனிக்காமல் நான் அங்கேயே நின்றிருந்தேன்.